இரத்தம் சுத்தமாவது எப்படி?



சென்ற மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை நான் மூன்று முறை படித்தேன். எழுதியிருப்பவர் தஞ்சை மாவட்டத்துச் சகோதரி ஒருவர். சர்க்கரை நோயினால் அவருடைய கணவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. எட்டு மாதங்களாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடைபெறுகிறது. இந்நிலையில் உறவினர் ஒருவர், "இயந்திரத்தை நம்பி ஏன் அலைகிறீர்கள்? இரத்தம் குத்தி எடுப்பது சுன்னத்தான வைத்தியம். மாதம் இரண்டு முறை ஹிஜாமா செய்து கெட்ட இரத்தத்தை எடுத்துவிட்டால் போதும்" என்று கூறியிருக்கிறார். கணவரும் இசைந்துவிட்டாராம். "வெளியே வந்த இரத்தம் நஜீஸ் ஆயிற்றே, அதை மீண்டும் உடம்பில் செலுத்துவது கூடுமா என்றும் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது ஹஜ்ரத்?" என்று சகோதரி கேட்டிருக்கிறார்.

இதழ் அவர் கைக்குச் சேரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி அன்று இது. ஆகவே, டயாலிசிஸை ஒரு முறைகூட நிறுத்த வேண்டாம் என்று அன்றே தனிக் கடிதம் எழுதிவிட்டேன். சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவர் இச்சிகிச்சையைக் கைவிட்டால் பெரும்பாலும் சில நாட்களில், மிஞ்சினால் இரண்டு மூன்று வாரங்களில், உயிருக்கு முடிவு நேர்ந்துவிடுகிறது. ஆயினும் இதே எண்ணம் வேறு பல வீடுகளிலும் உலவுவதை அறிவேன். அதனால் இம்மாதம் இதனையே விரிவாகப் பேச எண்ணினேன்.

ஒரு பொருளைப் பற்றிச் சட்டம் கூறுமுன் அப்பொருள் இன்னதென்று அறிந்துகொள்ள வேண்டும் என்பது மதரஸாவில் தொடக்க ஆண்டுகளிலேயே நாங்கள் கற்பிக்கும் பாடம். எனவே மார்க்கச் சட்டத்தைச் சற்றே ஒத்திவைத்துவிட்டு, இரத்தம் சுத்தமாவது என்றால் என்னவென்று முதலில் பார்ப்போம். நான் படித்தது கலைப் பாடம். விஞ்ஞானம் முறையாகப் பயின்றவன் அல்லன். ஆனால் இதைப் புரிந்துகொள்ள விஞ்ஞானப் பட்டம் தேவைப்படவில்லை.

"கெட்ட இரத்தம்" என்று உடம்பில் ஓரிடத்தில் தனியாக ஒரு பகுதி தேங்கி நிற்பதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறு எதுவும் இல்லை. நாம் உண்ணும் இறைச்சி, மீன், பருப்பு ஆகியவற்றின் புரதம் சிதையும்போது யூரியா என்னும் கழிவு உண்டாகிறது. அது இரத்தத்தில் மட்டுமன்றி உடம்பின் நீர் முழுவதிலும் உப்புக் கரைந்ததுபோல் பரவி நிற்கிறது. 60 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் ஏறக்குறைய 36 லிட்டர் நீர் இருக்கிறது. அவருக்கு ஹிஜாமா செய்து 200 மில்லி இரத்தம் எடுத்ததாகக் கொள்வோம். அத்துடன் வெளியேறும் யூரியா, மொத்தத்தில் ஏறக்குறைய 180இல் ஒரு பங்குதான். அன்று பகல் உணவு செரிப்பதற்குள் அந்த இழப்பு மீண்டும் நிரம்பிவிடும்.

டயாலிசிஸில் நடப்பது வேறு. நிமிடத்துக்கு 250 மில்லி வீதம் நான்கு மணி நேரம் இரத்தம் வெளியே வந்து திரும்புகிறது. கணக்கிட்டால் 60 லிட்டர். உடம்பில் உள்ள இரத்தமே ஐந்து லிட்டர்தான். அதாவது அதே இரத்தம் பன்னிரண்டு முறை சலவைக்குப் போய்த் திரும்பியதற்குச் சமம். ஒரு முறை சிகிச்சை முடியும்போது இரத்தத்தில் யூரியாவின் அளவு மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் அளவுகோல். இத்தனைக்கும் இரத்தம் வீணாவதில்லை. அழுக்கு மட்டுமே போகிறது, இரத்தம் வீடு திரும்புகிறது. ஹிஜாமாவிலோ நல்லதும் கெட்டதும் சேர்ந்தே போகின்றன. சிறுநீரக நோயாளிக்கு இரத்தசோகை கூடப்பிறந்ததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். இரத்தம் ஊறுவதற்குத் தூண்டுகின்ற சுரப்பும் சிறுநீரகத்திலிருந்தே வருகிறது என்பதே அதற்குக் காரணம். அத்தகையவரிடமிருந்து மேலும் இரத்தம் எடுப்பது எப்படி நன்மையாகும்? டயாலிசிஸின்போது இரத்தம் உறையாதிருக்க மருந்து செலுத்துகிறார்கள். அந்த நேரத்தில் தோலைக் கீறினால் இரத்தம் நிற்காமல் போகும் அபாயமும் இருக்கிறது.

ஹிஜாமாவைக் குறைத்துப் பேசுகிறேன் என்று எவரும் கருத வேண்டாம். அண்ணலார் (ஸல்) அவர்கள் செய்துகொண்டதும் பரிந்துரைத்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. ஆனால் செயலிழந்த சிறுநீரகத்துக்கு அது மாற்று என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாத சுமையைச் சுன்னத்தின் தலையில் ஏற்றிவைத்துவிட்டு, நோயாளி மரணித்தபின் "விதி" என்று கூறுவது சுன்னத்துக்குச் செய்யும் மரியாதை அன்று.

இந்தச் சலவை எவ்வாறு நடக்கிறது? இதன் வேர் 1861ஆம் ஆண்டில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பிறந்த தாமஸ் கிரஹாம் என்னும் வேதியியல் அறிஞர், பதப்படுத்திய காகிதச் சவ்வின் ஒருபுறம் கரைசலையும் மறுபுறம் தூய நீரையும் வைத்துப் பார்த்தார். சர்க்கரை, உப்பு, யூரியா போன்ற சிறு பொருட்கள் சவ்வைக் கடந்து நீருக்குள் போயின. பசை போன்ற பெரிய பொருட்கள் கடக்க முடியாமல் நின்றுவிட்டன. இதற்கு டயாலிசிஸ் என்று பெயரிட்டவரும் அவரே. அடர்வு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் தானாகவே பரவும். சவ்வின் நுண்துளைகளோ பெரியவற்றைத் தடுக்கும். இரத்தச் சிவப்பணுக்களும் புரதங்களும் பெரியவை, யூரியா சிறியது. இத்துறையின் முழுத் தத்துவமும் இவ்வளவே.

தத்துவம் தெரிந்தும் மனிதரைக் காப்பாற்ற எண்பது ஆண்டுகளுக்குமேல் ஆயின. 1913இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான் ஏபல் என்பவரும் அவருடைய தோழர்களும் விலங்குகளின் இரத்தத்தைச் சவ்வுக் குழாய்களின் வழியே ஓட்டினர். வெளியே வந்த இரத்தம் உறைந்துவிடுமே! அதைத் தடுக்க அவர்கள் அட்டைப் பூச்சியின் தலையிலிருந்து எடுத்த சாற்றைப் பயன்படுத்தினர். கடிபட்ட இடத்தில் இரத்தம் உறையாமலிருக்க அட்டைக்கு இறைவன் கொடுத்த பொருள் அது. 1924இல் ஜெர்மனியின் கீஸன் நகரில் கியோர்க் ஹாஸ் என்னும் மருத்துவர் முதன்முதலாக மனிதர் ஒருவருக்குச் செய்து பார்த்தார். பதினைந்து நிமிடம் நடந்தது. தீங்கில்லை, பயனும் இல்லை.

அடுத்து வந்தவர் ஹாலந்து நாட்டின் வில்லெம் கோல்ஃப். 1938இல் குரோனிங்கன் நகர மருத்துவமனையில் அவர் இளம் மருத்துவர். 22 வயது வாலிபர் ஒருவர் சிறுநீரகம் பழுதாகி, கண் பார்வை மங்கி, வாந்தியெடுத்தபடியே அவருடைய கண்முன் இறந்தார். வாலிபரின் தாயிடம் போய், இருந்த ஒரே மகனும் பிழைக்கமாட்டார் என்று கோல்ஃப் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த இரத்தத்திலிருந்து நாளொன்றுக்குச் சில கிராம் யூரியாவை எடுக்க முடிந்திருந்தால் போதுமே என்ற எண்ணம் அவரை விடவில்லை. செலோஃபேன் என்னும் கண்ணாடித் தாளாலான குழாயில் சிறிது இரத்தத்தையும் யூரியாவையும் ஊற்றி, உப்பு நீரில் போட்டு ஆட்டினார். சில நிமிடங்களில் யூரியா ஏறக்குறைய முழுவதும் நீருக்குள் போய்விட்டது. அந்தக் குழாய் அந்நாட்டவர் இறைச்சியை அடைத்து விற்கும் செயற்கை உறை. கேட்டவுடன் சிலர் முகம் சுளிக்கக்கூடும் என்பதால் சொல்லிவைக்கிறேன்: அது எந்தப் பிராணியின் குடலும் அன்று, மரக்கூழிலிருந்து செய்யப்படுவது.

1940இல் ஜெர்மானியப் படை ஹாலந்தைக் கைப்பற்றியது. யூதரான அவருடைய பேராசிரியர் மனைவியுடன் தற்கொலை செய்துகொண்டார். அந்த இடத்துக்கு நாஜி ஒருவர் வந்ததும், அவரின்கீழ் பணியாற்ற மனமின்றிக் கோல்ஃப் காம்பன் என்னும் சிற்றூர் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டார். இரும்புக்கும் துணிக்கும் தட்டுப்பாடு நிலவிய போர்க்காலம். எனாமல் பாத்திரத் தொழிற்சாலை ஒன்றின் மேலாளர் துணை நின்றார். மரச் சட்டங்களாலான உருளையில் செலோஃபேன் குழாயைச் சுற்றி, உருளையை உப்பு நீர்த் தொட்டியில் பாதி மூழ்குமாறு சுழலவிட்டனர். சுழலும் உருளைக்குள் இரத்தம் ஒழுகாமல் புக வேண்டும். அதற்கு ஃபோர்டு மோட்டார் வண்டியின் தண்ணீர்ப் பம்பில் உள்ள இணைப்பைப் பின்பற்றினர்.

1943 மார்ச்சில் முதல் நோயாளி. அவரும் பிழைக்கவில்லை. அடுத்தடுத்துப் பதினாறு பேர். ஒருவரைத் தவிர அனைவரும் இறந்தனர். பிழைத்த அந்த ஒருவரும் இயந்திரம் இன்றியே பிழைத்திருக்கக்கூடும் என்று கோல்ஃப் ஒளிக்காமல் சொன்னார். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தம் மருந்தினால் குணமானோர் பட்டியலை மட்டும் சுவரொட்டியில் அச்சிடும் "இரத்தசுத்தி" வியாபாரிகளை நாம் அறிவோம் அல்லவா!

போர் முடிந்தபின் 1945 செப்டம்பரில் பதினேழாவது நோயாளியாக 67 வயதுப் பெண் ஒருவரை நினைவிழந்த நிலையில் கொண்டுவந்தனர். நாஜிகளுக்குத் துணைபோனவர் என்பதற்காகச் சிறை வைக்கப்பட்டிருந்தவர். அவர் பிழைக்க வேண்டும் என்று ஊரில் விரும்பியோர் குறைவு. நாஜிகளால் தம் ஆசிரியரை இழந்த கோல்ஃபோ அப்பெண்ணை இயந்திரத்துடன் இணைத்தார். பதினோரு மணி நேரத்துக்குப் பிறகு அவர் கண் விழித்தார். விழித்தவுடன் அவர் பேசியது, கணவரை விவாகரத்துச் செய்யப் போகிறேன் என்பதாம். அவ்வாறே செய்துவிட்டு மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்து வேறொரு நோயால் மரணித்தார். ஓர் உயிரை வாழவைப்பதைப் பற்றித் திருமறை கூறுவதை அறிந்த நமக்கு இந்நிகழ்ச்சியை விளக்கத் தேவையில்லை. கோல்ஃப் தம் இயந்திரங்களை லண்டன், நியூயார்க், மான்ட்ரியல் மருத்துவமனைகளுக்கு இலவசமாகவே அனுப்பிவைத்தார். 97 வயது வரை வாழ்ந்து 2009இல் காலமானார்.

அன்றைய இயந்திரம் தற்காலிகமாகப் பழுதான சிறுநீரகத்துக்கே உதவிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு புதிய இரத்தக் குழாயை அறுக்க வேண்டியிருந்ததே காரணம். 1960இல் சியாட்டில் நகரின் ஸ்கிரிப்னர் என்னும் மருத்துவர் கையில் நிலையாக இருக்கும் டெஃப்லான் குழாயைப் பொருத்தி அத்தடையை நீக்கினார். அவருடைய முதல் நோயாளி பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். 1966 முதல் நோயாளியின் தமனியையும் சிரையையும் கையிலேயே இணைத்துவிடும் முறை வந்தது. நம்மவர் "ஃபிஸ்டுலா" என்று சொல்வது இதைத்தான்.

இப்போது மரச் சட்டமும் இல்லை, தொட்டியும் இல்லை. முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குழலுக்குள் ஏறக்குறைய பத்தாயிரம் நுண்ணிழைகள் இருக்கின்றன. ஒவ்வோர் இழையும் உள்ளே துளையுள்ள குழாய். அவற்றின் சுவரே சவ்வு. அனைத்தையும் விரித்துப் போட்டால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர், அதாவது இரண்டு தொழுகை விரிப்பின் பரப்பு வரும். இழைகளுக்குள் இரத்தம் ஒரு திசையிலும் வெளியே மருந்து நீர் எதிர்த் திசையிலும் ஓடுகின்றன. ஒரு முறைக்குச் செலவாகும் நீர் ஏறக்குறைய 120 லிட்டர்.

சவ்வு எல்லாவற்றையும் கடத்திவிடாது. சில நஞ்சுகள் இரத்தப் புரதத்துடன் ஒட்டிக்கொண்டு துளையில் நுழையாமல் நிற்கும். அவற்றுக்குச் சல்லடை பயன்படாது, பிடித்து வைத்துக்கொள்ளும் பொருளே பயன்படும். அப்பொருள் கரி! மணலும் கரியும் நிரப்பிய பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தண்ணீர் வடித்த வீடுகளை நம் பெரியவர்கள் கண்டிருப்பார்கள். பக்குவப்படுத்திய கரியில் கண்ணுக்குத் தெரியாத குகைகள் நிறைந்துள்ளன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். நஞ்சு அப்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. பள்ளிப் பாடநூல்களில் இதனைப் பரப்புக் கவர்தல் என்பார்கள். 1964இல் கிரேக்க நாட்டு மருத்துவர் யாட்ஸிடிஸ் இரத்தத்தை நேரடியாகக் கரி நிரப்பிய குழலில் ஓட்டினார். நஞ்சு நீங்கியது. ஆனால் இரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்களும் கரியில் ஒட்டிக்கொண்டு குறைந்தன, கரித்தூள் இரத்தத்தில் கலந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் சாங், ஒவ்வொரு கரிமணிக்கும் மெல்லிய சவ்வுப் போர்வை அணிவித்து இக்குறையைத் தீர்த்தார். நஞ்சு போர்வையைக் கடந்து உள்ளே போகும், இரத்த அணுக்கள் கரியைத் தொடா. சவ்வும் கரியும் கைகோத்த இடம் அது.

வலிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் உரிய சில மாத்திரைகளை அளவு மீறி விழுங்கியவர்களுக்கு இம்முறை உதவியிருக்கிறது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைக் குடித்தவர்களுக்கும் செய்து பார்க்கிறார்கள். ஆனால் அந்நஞ்சு சில மணி நேரத்திலேயே நுரையீரலில் குடியேறிவிடுவதால் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. அதனை வைத்திருப்போர் பூட்டி வைப்பதே வழி. இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். கரி யூரியாவைப் பிடிக்காது, மிகுதியான நீரையும் எடுக்காது. ஆகவே கரி டயாலிசிஸுக்கு மாற்று ஆகாது. அடுப்புக்கரியை இடித்துத் தேனில் குழைத்து உண்டால் சிறுநீரகம் தேறும் என்று எவரேனும் சொன்னால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கரிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. டயாலிசிஸ் நீர் சவ்வின் வழியே இரத்தத்தைத் தொடுகிறது. குடிநீரில் உள்ள குளோரின் நம் வயிற்றுக்குத் தீங்கு செய்யாது. இரத்தத்தைத் தொட்டால் சிவப்பணுக்களை உடைக்கும். எனவே ஊர்த் தண்ணீர் முதலில் கரித் தொட்டியையும் பிறகு நுண்சவ்வு வடிகட்டியையும் கடந்தே இயந்திரத்தை அடைகிறது. 1996இல் பிரேசில் நாட்டின் கருவாரு நகர மையம் ஒன்றில் பாசி நஞ்சு கலந்த நீர் சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் பயன்பட்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் மாண்டனர். மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, "தண்ணீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். குளிரூட்டிய அறையைவிட இது முக்கியம்.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். நான் முஃப்தி அல்லன். ஆலிம்கள் தெளிவுபடுத்தியிருப்பதைத் தொகுத்துச் சொல்கிறேன்.

உடம்பைவிட்டு வெளிப்பட்ட இரத்தம் நஜீஸ் என்பது சரியே. ஆனால் நிர்ப்பந்த நிலைக்குத் தனிச் சட்டம் உண்டு. உயிர் காக்கப் பிறருடைய இரத்தத்தை ஏற்றுவதையே அறிஞர்கள் அனுமதித்திருக்க, மூடிய குழாயில் சென்று திரும்பும் தம் சொந்த இரத்தத்தைப் பற்றி ஐயம் கொள்ள இடமில்லை. ஹனஃபி மத்ஹபில் இரத்தம் வெளிப்பட்டு ஓடினால் ஒளு முறியும். ஷாஃபிஈ மத்ஹபில் அதனால் முறியாது. அவரவர் மத்ஹபின்படி நடந்துகொள்ளலாம். ஊசி குத்திய இடத்தில் கட்டு நனையக்கூடாது என்றால் அதற்கும் மஸஹு போன்ற சலுகைகள் இருக்கின்றன. உள்ளூர் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்க.

இரத்தம் உறையாதிருக்கச் செலுத்தும் ஹெப்பாரின் மருந்து பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. பின்னால் எவரோ சொல்லி நோயாளி திடுக்கிட்டுச் சிகிச்சையை நிறுத்துவதைவிட இப்போதே அறிவது நல்லது. மாட்டிலிருந்து எடுக்கப்படும் ஹெப்பாரினும் உண்டு. கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கிடைக்காவிடில், மாற்று இல்லாத இடத்தில் உயிர் காக்க இதனைப் பயன்படுத்தலாம் என்றே அறிஞர்கள் கூறுகின்றனர்.

செலவு பெரிது. 1962இல் சியாட்டில் மையத்தில் இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். எவரைச் சேர்ப்பது என்று முடிவுசெய்ய ஊர் மக்கள் ஏழு பேர் கொண்ட குழு அமைத்து, வருமானத்தையும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் பார்த்தார்கள். நம் நாட்டில் 2016இல் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டத்தின்கீழ் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். தமிழகத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இதற்கு உதவுகிறது. ஆயினும் வாரம் மூன்று முறை பேருந்துக் கட்டணமும் உடன்வருபவரின் ஒரு நாள் கூலியும் எந்தத் திட்டத்திலும் அடங்குவதில்லை. தகுதியுள்ள ஏழை நோயாளிக்கு ஜகாத் கொடுக்க நினைக்கும் மஹல்லாக்கள் இதனைக் கவனிக்கலாம்.

நோன்பைப் பற்றியும் சகோதரி ஒரு வரி எழுதியிருந்தார். மருந்து நீரிலிருந்து சர்க்கரையும் உப்புகளும் இரத்தத்தில் சேர்வதால் டயாலிசிஸ் நோன்பை முறிக்கும் என்பது ஆலிம்கள் பலரின் கருத்து. மாற்றுக் கருத்தும் உண்டு. எப்படியாயினும் நோயாளிக்கு நோன்பை விட இறைவனே அனுமதித்திருக்கிறான். குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும்.

நோன்பு நோற்காவிட்டாலும் இஃப்தாரில் குடும்பத்தோடு அமர்ந்துவிடுவார்கள். அபாயம் அங்கேதான். வாரத்தின் 168 மணி நேரத்தில் இயந்திரம் உழைப்பது 12 மணி நேரம் மட்டுமே. எஞ்சிய நேரமெல்லாம் உண்டதும் குடித்ததும் உள்ளேயே தங்குகின்றன. அவற்றுள் பொட்டாசியம் அளவு மீறினால் இதயம் திடீரென நின்றுவிடும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 2000 மில்லிகிராமுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவாகத் தரப்படும் அளவு. நூறு கிராம் பேரீச்சம்பழத்தில் மட்டும் ஏறக்குறைய 650 மில்லிகிராம் இருக்கிறது. ஓர் இளநீரில் 500க்கு மேல். சுன்னத்துக்காக ஒரு சிறு பேரீச்சம்பழம் வைக்கலாமா என்று உணவு ஆலோசகரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இளநீரை அறவே தவிர்க்க வேண்டும். ஹஜ்ஜிலிருந்து வந்தவர்கள் அன்போடு கொடுக்கும் ஜம்ஜம் நீரும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேரும், ஒரு மிடறு போதும். ஃபிஸ்டுலா உள்ள கையில் தண்ணீர்க் குடம் தூக்குவதும், அந்தக் கையைத் தலைக்கு வைத்து உறங்குவதும், அதில் இரத்த அழுத்தம் பார்க்கவிடுவதும் கூடாது. ஒளுவின்போது அக்கையைக் கழுவுவதில் தடையில்லை. தினமும் அதன்மேல் விரல்களை வைத்தால் பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு தெரியும். அது தெரியாத நாளில் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட வேண்டும்.